ஜெய்ப்பூரில் எடுத்த பாஞ்சாலங்குறிச்சி

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் சுற்றிப் பார்க்கும் கோட்டை, 1974இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசு கட்டியது. கட்டபொம்மன் ஆண்ட மண்கோட்டையை 1801 மே மாதம் ஆங்கிலேயர் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இடித்த இடத்தில் ஏர் பூட்டி ஆமணக்கு விதைத்தார்கள் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வதுண்டு. இந்த இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் வரும் கோட்டை. அந்தப் படத்தின் போர்க்களக் காட்சிகளை ஜெய்ப்பூரில் எடுத்தார்கள்; அரண்மனையும் தர்பாரும் சென்னை ஸ்டுடியோவில் எழுந்தன. குதிரைகள் பாய்ந்து புழுதி கிளப்பிய மண் ராஜஸ்தானத்து மண். பாஞ்சாலங்குறிச்சி இருக்கும் ஒட்டப்பிடாரத்துக் கரிசலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனாலும் பாஞ்சாலங்குறிச்சி என்றதும் பெரும்பாலான தமிழர் மனத்தில் எழுவது இந்த மூன்றாவது கோட்டைதான். தூத்துக்குடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறவர்கள் சிவாஜி கணேசன் நடந்த தர்பாரை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 1974இன் கட்டடம் அவர்களை அதிகம் ஏமாற்றுவதில்லை. ஏனென்றால் அது கட்டப்பட்டபோது படம் வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மதிலும் முகப்பும் கூடமும் எப்படி இருக்க வேண்டும் என்று மக்கள் அதற்குள் முடிவு செய்திருந்தார்கள்.

திரையில் கண்ட இடத்தை நேரில் தேடிப் போகும் வழக்கத்தைப் பற்றி உலகில் இன்று அதிகம் பேசப்படுவது ஜப்பானை வைத்து. அங்கே அனிமே எனப்படும் கார்ட்டூன் தொடர்களில் வரும் தெரு, படிக்கட்டு, ரயில்வே கேட், பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தேடிப்போய், காட்சி எந்தக் கோணத்தில் வரையப்பட்டதோ அதே கோணத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குச் ‘செய்ச்சி ஜுன்ரெய்’, அதாவது புனிதத்தல யாத்திரை என்று பெயர். 2016இல் அமைந்த அனிமே சுற்றுலாச் சங்கம் இத்தகைய இடங்களில் 88ஐத் தேர்ந்து பட்டியலிடுகிறது. ஷிகோகு தீவில் பௌத்த யாத்திரிகர்கள் வலம் வரும் கோயில்களும் 88. நம் ஊரில் நூற்றெட்டுத் திருப்பதி என்று சொன்னால் கிடைக்கும் கனம் ஜப்பானியருக்கு அந்த எண்ணில் கிடைக்கிறது.

சைத்தாமா மாநிலத்தின் வாஷினோமியா கோயில்தான் இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 2007இல் ஒளிபரப்பான ‘லக்கி ஸ்டார்’ தொடரில் இரட்டைச் சகோதரிகளின் வீடாக அந்தக் கோயில் வருகிறது. 2008 புத்தாண்டு வழிபாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 3 லட்சம். 2011இல் சுமார் 4.7 லட்சம். ஊர்க்காரர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு உள்ளூர் வணிகர் சங்கம் அவர்களை விருந்தாளிகளாகவே எடுத்துக்கொண்டது. 2008இலிருந்து ஊர்த் திருவிழாவில் அந்தத் தொடரின் பாத்திரங்களை வரைந்த பல்லக்கு ஒன்றும் சேர்ந்தது. அதைத் தூக்கியவர்கள் வெளியூர் ரசிகர்கள். 2011 சுனாமியில் அடிபட்ட இபராக்கி மாநிலத்து ஓஅராய் துறைமுக ஊருக்கு அடுத்த ஆண்டு வந்த ‘கேர்ல்ஸ் உண்ட் பான்ஸர்’ தொடர் புதிய கூட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே கடைக்குக் கடை ஒரு பாத்திரத்தின் அட்டை உருவம் நிற்கிறது. தென்கடற்கரையில் வாழ்கிற நமக்கு 2004 டிசம்பர் மறக்காது. ஒரு கார்ட்டூன் ஒரு மீன்பிடி ஊர் தலைநிமிரக் கைகொடுத்தது என்றால் அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை.

இதில் என்னை ஈர்க்கும் சங்கதி கூட்டத்தின் அளவு அல்ல. அனிமேயில் எல்லாமே வரைந்தது. ஒரு விளக்குக் கம்பத்தைக்கூட வரைகிறவர் தம் இஷ்டத்துக்கு வைக்கலாம். அப்படியிருந்தும் ஓவியர்கள் இடத்துக்குப் போய் நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்து, கம்பத்தையும் மின்கம்பியையும் சுவரின் கறையையும் அப்படியே வரைகிறார்கள். மகோட்டோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ (2016) படத்தில் வரும் சிவப்புக் கைப்பிடிப் படிக்கட்டு டோக்கியோவின் யொத்சுயா பகுதியில், சுகா கோயிலருகே இருக்கிறது. படத்தில் கண்ட மாதிரியே இருக்கிறது. ஆனால் அதே படத்தின் மலைக்கிராமமான இதோமோரி உலகில் எங்கும் இல்லை. ரசிகர்கள் ஹிதா ஃபுருகாவா ரயில் நிலையம்வரை போய்த் திரும்புகிறார்கள். அந்த நிலையம் மட்டும் உண்மை.

நம் சினிமாவில் இது தலைகீழ். கேமரா உண்மையான மண்ணைத்தான் பதிவு செய்கிறது. ஆனால் அந்த மண்ணுக்கு வேறு ஊரின் பெயரைச் சூட்டிவிடுகிறது. கதையில் மதுரை, எடுத்தது காரைக்குடி. கதையில் ஏதோ ஒரு கிராமம், எடுத்தது கோபிசெட்டிபாளையம். கையால் வரைந்த ஜப்பானியப் படம் இடத்துக்கு நேர்மையாக இருக்கிறது. கேமராவால் எடுத்த தமிழ்ப்படம் இடத்தைப் பற்றிப் பொய் சொல்கிறது. ஆகவே நம் ஊரில் காட்சியைத் தேடிக் கிளம்புகிறவர் முதலிலேயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: கதை நடந்த இடத்துக்கா, படம் எடுத்த இடத்துக்கா?

கட்டபொம்மன் கதையில் இந்தக் கேள்வி நன்றாகவே சிக்கலாகிறது. படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி ஜாக்சன் துரையோடு நடக்கும் வாக்குவாதம். வரி, வட்டி, திரை என்று அடுக்கும் அந்த வசனத்தை மனப்பாடமாய் ஒப்பிக்காத பள்ளி ஆண்டுவிழா ஒரு காலத்தில் இல்லை. கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் சந்தித்தது உண்மை. 1798 செப்டம்பரில், இராமநாதபுரத்தில், சேதுபதிகளின் இராமலிங்க விலாசத்தில் அது நடந்தது. சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டார். பின்னர் நடந்த விசாரணையில் ஜாக்சன் பதவியை இழந்தார். இவை வரலாறு. நம் காதில் ஒலிக்கும் வசனமோ சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. படத்துக்கு முன்பே, 1957இலிருந்து சிவாஜி நாடக மன்றம் மேடைகளில் அதை முழங்கிக்கொண்டிருந்தது.

ஆக, அந்தக் காட்சிக்கு மூன்று தலங்கள். நிகழ்ந்த தலம் இராமநாதபுரம், எடுத்த தலம் சென்னை ஸ்டுடியோ, மக்கள் தேடிப்போகும் தலம் பாஞ்சாலங்குறிச்சி. இராமலிங்க விலாசம் இன்றும் நிற்கிறது. தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக, சுவரெல்லாம் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களோடு இருக்கிறது. கட்டபொம்மன் கால் வைத்த கூடம் ஒன்றை அதே நிலையில் பார்க்க வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். அங்கே போகிறவர்கள் சேதுபதிகளுக்காகவும் ஓவியங்களுக்காகவும் போகிறார்கள். ஜாக்சன் காட்சியை நினைத்துப் போகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

கயத்தாறு இன்னும் வினோதம். 1799 செப்டம்பர் 5இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் வடக்கே போய்ப் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். அந்தச் சீமையின் மன்னர் தொண்டைமான் அவரைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கு. (இதைப் படித்துவிட்டுக் கைபேசி வரைபடத்தில் புதுக்கோட்டை என்று தேடுகிறவர் கவனிக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், வாகைகுளம் விமான நிலையத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் புதுக்கோட்டை ஒன்று இருக்கிறது. அதற்கும் தொண்டைமானுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காட்டிக்கொடுத்த பழி எங்களுக்கு வேண்டாம்.) கட்டபொம்மனாக நடித்த சிவாஜி, தூக்கிலிட்ட இடத்தில் தம் பணத்தில் நிலம் வாங்கி அங்கே கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அந்தச் சிலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கட்டபொம்மனை நேரில் பார்த்து வரைந்த படம் நம்மிடம் இல்லை. ஆகையால் சிலையின் நெஞ்சு நிமிர்வையும் மீசையையும் பார்த்து ‘அப்படியே கட்டபொம்மன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் ஒப்பிடுவது 1959இன் சிவாஜியோடுதான். பாத்திரம் ஏற்ற நடிகரே யாத்திரைத் தலத்தை உண்டாக்கியதற்கு ஜப்பானில் இணை கிடையாது என்று நினைக்கிறேன்.

படம் சொன்னதை நிலம் பின்பற்றியதற்கு மட்டும் அங்கே இணை உண்டு. கனஸாவா நகரத்தருகே யுவாக்கு என்ற வெந்நீர் ஊற்று ஊர். 2011இல் வந்த ‘ஹனசாக்கு இரோஹா’ தொடர், அந்த ஊரை மாதிரியாகக்கொண்ட கற்பனை ஊரில் போன்போரி விளக்குத் திருவிழா ஒன்றைக் காட்டியது. யுவாக்குவில் அப்படியொரு விழா இருந்ததில்லை. தொடர் முடிந்த அதே ஆண்டு அக்டோபரில் ஊர்க்காரர்கள் அதை உண்மையாகவே நடத்தினார்கள். பின்னர் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாயிற்று. 1974இன் கோட்டையைப் போலி என்று பழிக்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம். பாஞ்சாலங்குறிச்சியில் ஆண்டுதோறும் மே மாதம் விழா நடக்கிறது. சக்கதேவி கோயிலில் கூட்டம் கூடுகிறது. ஜோதி ஏந்தி ஊர் ஊராக இளைஞர்கள் ஓடி வருகிறார்கள். கோட்டை புதிது என்பதால் விழா பொய்யாகிவிடாது.

ஆனால் எது எப்போதையது என்று தெரியாமல் போவது வேறு விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன். பழைய யாத்திரையும் புதிய யாத்திரையும் ஒரே இடத்தில் கலப்பதை முதலில் மணப்பாட்டில் பார்க்கலாம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடு, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், அருகே கலங்கரை விளக்கம், ஒரு பக்கம் கழிமுகத்தின் அமைதியான நீர், மறுபக்கம் அலை. முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களில் கேமராவுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012), மணிரத்னத்தின் ‘கடல்’ (2013) இரண்டும் அடுத்தடுத்து இங்கே வந்தன. இங்கே மட்டும் கதையின் நிலமும் படம் எடுத்த நிலமும் ஒன்று. கடற்கரைக் கிறிஸ்தவ மீனவர் வாழ்க்கைதான் கதை. எடுத்ததும் அவர்கள் ஊரில்.

இந்த ஊர் சினிமாவுக்கு முன்பே யாத்திரைத் தலம். 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை ஆலயத்துக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே நன்னீர்க் கிணறு. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு வெளியூர் உறவெல்லாம் வந்து சேரும். கொழும்பிலும் சென்னையிலும் தொழில் பார்த்த மணப்பாட்டுக் குடும்பங்கள் அந்த நாளை விடுவதில்லை. இன்று மேட்டில் ஏறுகிறவர்களில் மெழுகுவத்தியோடு வருகிறவரும் இருக்கிறார், சினிமாப் பாட்டில் வந்த இடம் எது என்று கேட்டு வருகிறவரும் இருக்கிறார். ஜப்பானில் வாஷினோமியா கோயிலில் நடந்ததும் இதே கலப்புதான். அங்கே வேண்டுதல் பலகைகளில் கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்து தொங்கவிட்டார்கள். கோயில் அதைத் தடுக்கவில்லை. மணப்பாட்டில் இரண்டு யாத்திரையும் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கக் காரணம் ஒன்று உண்டு. ‘கடல்’ படத்துக்கு ‘லக்கி ஸ்டார்’ அளவுக்குப் பித்துப்பிடித்த ரசிகர் கூட்டம் அமையவில்லை. படம் ஓடியிருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு படம் ஓர் இடத்தை என்ன செய்யும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று ஆங்கிலேயர் பெயரிட்டிருந்த பாறைப் பிளவுகள் 1991இல் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ வந்தபின் குணா குகை ஆயின. ஆழம் தெரியாமல் இறங்கியவர்கள் திரும்பவில்லை. வனத்துறை வேலி போட்டது. 2006இல் மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் விழுந்து, நண்பர் இறங்கி மீட்ட சம்பவம் 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படமாயிற்று. ஒரு படத்தால் பெயர் மாறிய இடத்துக்கு இன்னொரு படம் கூட்டத்தைத் திரட்டியது. வேலிக்கு வெளியே நின்று உற்றுப் பார்க்கிறவர்கள் தேடுவது இரண்டாவது படத்தின் குழியை. அந்தக் குழியைப் படக்குழு பெரும்பாவூரில் செட்டாகப் போட்டிருந்தது. ஜப்பானின் கமகுராவில் ‘ஸ்லாம் டங்க்’ தொடரின் தொடக்கப் பாடலில் வரும் ரயில்வே கேட்டருகே சாலையை மறித்து நிற்கும் கூட்டத்தால் அந்த ஊர் திணறுகிறது. அங்கே தொல்லை போக்குவரத்துக்கு, இங்கே உயிருக்கு.

அனிமேக்கே இந்தக் கடலோரத்தோடு நேரடி உறவு ஒன்று உண்டு என்பதை விட்டுவிடக் கூடாது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1980களின் தொடக்கத்தில் இராமாயண இடங்களின் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். வந்தவர் கதையில் மூழ்கினார். இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகனையும் சேர்த்துக்கொண்டு ஜப்பானில் அவர் உருவாக்கியதுதான் ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. 2025 ஜனவரியில் அது தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் வானரசேனை தென்கடல் ஓரத்தில் வந்து நிற்கும், அணை கட்டும். அந்தக் காட்சிக்கு யாத்திரை போக விரும்புகிறவருக்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இராமன் தர்ப்பையில் கிடந்த திருப்புல்லாணி, அணை தொடங்கிய சேதுக்கரை, தனுஷ்கோடி என்று பல நூற்றாண்டுகளாகப் போட்டுவைத்த பாதை இருக்கிறது. ஜப்பானியர் 88 என்ற எண்ணைக் கோயில்களிடமிருந்து கடன் வாங்கினார்கள். இங்கே கதைதான் முதலில் வந்தது, தலங்கள் அதைத் தொடர்ந்தன. தலபுராணம் என்ற இலக்கிய வகையே ஒரு காட்சியை ஒரு மேட்டிலோ குளத்திலோ ஊன்றி வைப்பதற்காக எழுந்தது. ஆகவே படக்காட்சியைத் தேடிப் போகிறவரைப் பார்த்து இந்தக் காலத்துப் பைத்தியம் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

முத்துக்குளித்தலுக்கு மட்டும் இப்படிப் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். முத்துப்பார்கள் கடலுக்கடியில் இருக்கின்றன, சிப்பி இல்லை. திரேஸ்புரத்தில் சங்குகுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் முத்துக்குளித்த கண்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கும். அந்த 1961 நவம்பரில்தான் பந்துலுவின் ‘கப்பலோட்டிய தமிழன்’ வந்தது. தூத்துக்குடியை வ.உ.சி.யின் ஊராக, கப்பல் ஊராக மனத்தில் பதித்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. முத்து ஊராகப் பதித்த படம் ஒன்று அந்தச் சமயத்தில் வந்திருக்கலாம், வரவில்லை.

இன்னொரு வகை இடமும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31இல் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடிய கொடியன்குளம். மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) அந்த நினைவிலிருந்து எழுந்தது. ஆனால் படத்தில் ஊரின் பெயர் பொடியன்குளம், ஊரும் படத்துக்காகப் போட்ட செட். சினிமா இடத்தைப் பற்றிப் பொய் சொல்கிறது என்று மேலே குறை சொன்னேன். இங்கே அந்தப் பொய் ஊருக்குப் பாதுகாப்பு. உடைத்த வீட்டின் வாசலில் வெளியூர்க்காரர் நின்று செல்பி எடுப்பதை எந்தத் தாய் பொறுப்பாள்? அதே இயக்குநரின் ‘வாழை’ (2024) அவருடைய சொந்த ஊரான புளியங்குளத்துக் கதை. வாழைத்தார் லாரி கவிழ்ந்து இறந்தவர்களின் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. ஜப்பானிலும் ரசிகர்கள் தமக்குள் சில ஒழுக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: தனியார் வீட்டைப் படமெடுக்காதே, பள்ளி நேரத்தில் பள்ளிக்குப் போகாதே, உள்ளூர்க் கடையில் ஏதாவது வாங்கு. அந்தப் பட்டியலில் நாம் துக்க வீட்டையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு வேண்டியது வேறு. நினைவுக் கோட்டையின் பின்புறம் பழைய கோட்டையின் அடித்தள எச்சங்கள் பாதுகாக்கப்பட்ட இடமாக இருக்கின்றன. பெரும்பாலோர் முகப்பில் படமெடுத்துக்கொண்டு, சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போகாமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள். 1801இல் சில நாட்களுக்குள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் மறுபடி எழுப்பியது அந்த மண்சுவரைத்தான். ஆங்கிலேயரின் முதல் தாக்குதலைத் தாங்கி நின்றதும் அதுதான். மண்ணால் கட்டிய சுவர் பீரங்கிக்கு எப்படி ஈடுகொடுத்தது என்பது எந்தச் சினிமாவிலும் வராத கதை. ஊரை ஒட்டி அந்தப் போர்களில் மாண்ட ஆங்கிலச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கட்டப்பட்டு இன்றும் நிற்பவை அவைதாம், வென்றவர்களுடையவை. கோட்டை வாசலில் ஒரு பலகை வைத்து, இது 1974இன் கட்டடம், அதோ அங்கே 1801இன் அடித்தளம், இந்த வழியாகப் போனால் கல்லறை, நீங்கள் திரையில் பார்த்த களம் ஜெய்ப்பூர் என்று நான்கு வரி எழுதினால் சிவாஜியைத் தேடி வருகிறவருக்கும் குறை வராது, சரித்திரம் தேடி வருகிறவருக்கும் வழி கிடைக்கும். செலவு ஒரு தகரப் பலகைக்கும் பெயிண்டருக்கும் ஆவதுதான்.